ஜனீலின் வலது கை

ஆறு வயதில் ஜனீல், கையைத் தூக்கக் கூடாத நேரத்தில் தூக்கிவிட்டாள். எஃப்ராயிம் ஊரில் அதைப் பல வருஷம் பேசினார்கள்.

மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையில் யாருக்காவது பொறுப்புக் கொடுப்பதென்றால் ஊர்ச் சபைத் தலைவரான பிஷப் எழுந்து நின்று பெயரை வாசிப்பார். சம்மதிக்கிறவர்கள் வலது கையை உயர்த்தச் சொல்வார். கூடமே கையைத் தூக்கும். அடுத்து, எதிர்ப்பு உள்ளவர்களும் அதே மாதிரி காட்டலாம் என்பார். அப்போது ஒரு கையும் எழும்பாது. அது எழும்பி யாரும் பார்த்ததில்லை. அதனால் பிஷப்மார்கள் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. வாய் அதைச் சொல்லும்போதே கண் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

ஆறு வயது ஜனீல் இரண்டு தடவையும் தூக்கினாள். இரண்டு தடவை கேட்கிறார்களே, இரண்டு தடவையும் தூக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவள் அம்மா அந்தக் கையைக் கீழே இழுத்து, சட்டை மறைக்கும் இடமாகப் பார்த்து ஒரு கிள்ளு கிள்ளினாள். அன்றைக்குப் பெயர் வாசிக்கப்பட்டவர் பாடகர் குழுத் தலைவர், பெரிய மீசைக்காரர். வாசலில் குனிந்து, "ஏம்மா, என் பாட்டு அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். கல்யாணத்தன்றுகூட மாமா ஒருவர், "மாப்பிள்ளை, எதிர்க்கட்சியைக் கட்டியிருக்கே, ஜாக்கிரதை" என்றார். ஜனீலும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். அம்மா கிள்ளிக் கை உள்பக்கம் கன்றியிருந்தது நான்கு நாளில் மறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வலது கை ஒரு தடவைகூடத் தப்புச் செய்யவில்லை.

பத்தொன்பது வயதில் மான்டை ஊர் ஆலயத்தில் லவார் ஜோர்கன்சனைக் கட்டிக்கொண்டாள். லவார் உயர்நிலைப் பள்ளியில் தச்சு வேலை கற்றுத்தரும் வாத்தியார். நல்லவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல இடம் இருக்காது. விடுதலையாகி வந்த கைதிக்கு வேலை தேடிக்கொடுத்தவன், விதவைகள் வீட்டுக் கூரையைத் தானே ஏறிச் சரிசெய்தவன், மனைவி மேல் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவன். குடும்பத்தில் எதையும் தானாக முடிவு செய்ய மாட்டான். திங்கட்கிழமை மாலை எல்லாரையும் உட்காரவைத்து ஓட்டெடுப்பான். ஐஸ்கிரீம் எது வாங்குவது என்பதற்குக்கூட ஓட்டு. "சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க. எதிர்ப்பு இருந்தா அதே மாதிரி." பிறகு மேஜையைத் தட்டி, "ஒருமனதாக" என்பான். அவன் கேட்கிறபோதே அவனுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். ஜனீலுக்கு அதற்கும் முன்பே தெரியும்.

மூன்று பிள்ளைகள். ஹீபருக்கு ஒன்பது வயது, அப்பாவின் நகல். மரிண்டாவுக்கு ஆறு. கடைக்குட்டி ஆர்சன் ஏழு வாரம் முன்னதாகவே பிறந்தவன். பதினான்கு மாதம் ஆகியும் நெஞ்சு தேறவில்லை. ஆகஸ்டில் நிமோனியா வந்து பிழைத்தான். "இந்தக் குளிர்காலத்தை மட்டும் பத்திரமாத் தாண்ட வெச்சிடுங்க. இன்னொரு தடவை சளி கட்டினா இந்த நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜனீல் அதைத் தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு அக்டோபரில் மான் வேட்டைக்காகப் பள்ளிக்கூடம் விட்டார்கள். லவார் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. அவனுடைய முப்பாட்டி ஒன்பது வயதில் கைவண்டிக் கூட்டத்தோடு வயோமிங் மாநிலத்தைக் கடந்து வந்தவள். சுமார் நூற்று முப்பது வருஷத்துக்கு முன் மேற்கே குடியேறப் போன மார்மன் முன்னோடிகளில் மாடு வாங்கக் காசில்லாத ஜனங்கள், மூட்டைமுடிச்சை இரண்டு சக்கர வண்டியில் போட்டுத் தாங்களே இழுத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு மேல் நடந்தார்கள். கிளம்பத் தாமதமாகி, அக்டோபர் பனியில் மாட்டி, பாதை நெடுக ஆட்களைப் புதைத்தார்கள். அந்த இடங்களை எல்லாம் பிள்ளைகளுக்கு, அதே அக்டோபரில் காட்ட வேண்டும் என்பது லவாரின் பல நாள் ஆசை. ஓட்டெடுத்தான். ஒருமனதாகத்தான் முடிந்தது. ஜனீல் ஆர்சனுக்கு நான்கு கம்பளிச் சட்டை எடுத்து வைத்தாள்.

முதல் இரண்டு நாள் வெயில் அடித்தது. முன்னோடிகள் பேர் செதுக்கிய பெரிய பாறையில் பிள்ளைகள் முப்பாட்டி பேரைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஹீபர் தன் பேரைச் செதுக்கப் போய்க் காவலாளியிடம் திட்டு வாங்கினான். ஜனீலும் சிரித்தாள், சாண்ட்விச் கட்டினாள், வீணாகப் பயந்தோமே என்று வெட்கப்பட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் லேண்டர் ஊருக்கு வந்து விடுதியில் இறங்கினார்கள். மறுநாளுக்கு வேண்டியதை சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். ஞாயிறு ஓய்வுநாள், அன்று கடையில் எதையும் வாங்க மாட்டார்கள். ரொட்டி வாங்கினான் லவார், பால் வாங்கினான், பிள்ளைகளுக்கு ஆப்பிள் வாங்கினான். விடுதி முதலாளி கைவண்டிக்காரர்களின் வம்சம் என்று தெரிந்ததும் பேச உட்கார்ந்தவன், பெட்ரோல் போட மறந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை லேண்டர் சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது காற்று திசை மாறியிருந்தது. மலைப்பக்கம் வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோல் கிடந்தது. வாசலில் கைகொடுத்துக்கொண்டிருந்த வயதான பண்ணைக்காரர் ஒருவர் லவாரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"சகோதரரே, மேல கணவாய் வழியாத்தான் போறீங்களா?"

"ஆமா. போற வழியில ராக் கிரீக் கல்லறையையும் பிள்ளைங்களுக்குக் காட்டிட்டுப் போலாம்னு."

"அது மண் ரோடு. இன்னிக்கு அங்க திரும்பாதீங்க. போறதா இருந்தா நேரா போயிடுங்க. என்னைக் கேட்டா, போகவே வேண்டாம். எங்க வீட்டுல தங்குங்க, நாளைக்குப் போலாம்."

"ரொம்ப சந்தோஷம், சகோதரரே. கர்த்தர் பாத்துக்குவார்" என்றான் லவார். பண்ணைக்காரர் ஜனீலின் தோளில் சாய்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு ஜனீலைப் பார்த்தார். ஜனீல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஊர்க் கோடியில் பெட்ரோல் பங்க் திறந்திருந்தது. எதிர்ப்பக்கம் சிவப்பு விளக்கில் அவர்கள் கார் நின்றது. ஜனீல் பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். கால் டேங்குக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. அவள் பார்ப்பதை லவார் பார்த்துவிட்டான்.

"கணவாய் தாண்டி ஈடன் ஊர்ல எங்க பெரியப்பா பையன் பண்ணை இருக்குல்ல. அவன் கொட்டகையிலேயே டேங்க் வெச்சிருக்கான். அதுவரைக்கும் வரும்."

"வருமா?"

"கணக்குப் போட்டுட்டேன்."

"மேட்டுல நிறையக் குடிக்குமே."

"ஜனீல், கல்யாணமான நாள்ல இருந்து ஞாயித்துக்கிழமை நாம எதையாவது காசு குடுத்து வாங்கியிருக்கமா? பிள்ளைங்களை முன்னோடிங்க கல்லறைக்குக் கூட்டிப்போற அன்னிக்கா அதை ஆரம்பிக்கணும்?"

நியாயமாகத்தான் பேசினான். லவாரிடம் இருக்கிற தொல்லையே அதுதான். கத்துகிற மனிதனாக இருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் வண்டி இல்லை என்பதால் அவன் காரை எடுக்காமல் பின் சீட்டுப் பக்கம் திரும்பினான்.

"சரி, ஓட்டெடுத்துடலாம். ஓய்வுநாளைக் காப்பாத்தி, ராக் கிரீக்கைப் பாத்துட்டு, ஈடன் போய்ச் சேருவோம். சம்மதிக்கிறவங்க?"

ஹீபர் கை கூரையில் இடித்தது. லவார் கை. ஜனீல் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினாள்.

"எதிர்ப்பு இருந்தா அதே மாதிரி."

பின் சீட்டில் மரிண்டாவின் கை மேலே இருந்தது. கையுறை போட்ட சின்னக் கை. விறைப்பாக, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி.

"தம்பி கை ஜில்லுன்னு இருக்கும்மா. நான் தொட்டுப் பாத்தேன்."

ஹீபர் கிளுகிளுவென்று சிரித்தான். லவார் சிரிக்கவில்லை; சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜனீலைப் பார்த்தான், இதை நீ பார்த்துக்கொள் என்பதுபோல. ஜனீல் பின்னால் கையை நீட்டி மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

"எறக்குடா தங்கம். தம்பிக்கு இன்னொரு போர்வை சுத்திடறேன். எறக்கு."

மெதுவாகத்தான் இழுத்தாள், பாசமாகத்தான். அந்தக் கை ஒரு நொடி எதிர்த்து நின்றது. பிறகு இறங்கியது. லவார் ஸ்டியரிங்கைத் தட்டி, "ஒருமனதாக" என்றான்.

வேண்டாம் என்று ஜனீலுக்கு உள்ளே கேட்டது. ஆபத்து வருமுன் உள்ளே ஒரு மெல்லிய குரல் எச்சரிக்கும், அதற்குச் செவி கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தக் குரல் குடும்பத் தலைவனுக்குக் கேட்காமல் அவளுக்கு மட்டும் கேட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பெட்ரோல் பங்க் காரின் பின்கண்ணாடியில் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தது.

ராக் கிரீக்கில் மரம் கிடையாது. ஓடை, சாம்பல் நிறப் புதர், ஒரு பழைய நினைவுக்கல், அவ்வளவுதான். காற்று கார்க் கதவைத் திறக்கவிடவில்லை. லவார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கல்லின் முன் நிறுத்தினான். ஜனீல் குழந்தையைக் கோட்டுக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"பதிமூணு பேரை ஒரே குழியில போட்டாங்க. குழி தோண்டின ரெண்டு பேரும் அன்னிக்கே செத்துப்போனாங்க" என்றான் லவார். குரல் தழுதழுத்தது. "அவங்க கிளம்பும்போது ஒருத்தர் அழுதுக்கிட்டே சொன்னார், நேரமாயிடுச்சு, இப்பப் போனா வயசானவங்களும் குழந்தைங்களும் சாவாங்க, வசந்தம் வரைக்கும் இருக்கலாம்னு. ஓட்டெடுத்தாங்க. எல்லாரும் போகலாம்னு கை தூக்கினாங்க. அதுக்கு அந்த மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? நான் சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியும், ஆனாலும் நீங்க போறீங்கன்னா நானும் வரேன், உங்களோட கஷ்டப்படறேன், வேணும்னா உங்களோட சாகறேன்னு கூடவே வந்தார். அதுதான் விசுவாசம்."

ஹீபர் தலையாட்டினான். மரிண்டா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த மாமா கையைத் தூக்கினாரா?"

"தூக்கியிருப்பார்."

"அதை யாரு கீழ இழுத்தா?"

லவார் தொப்பியைப் போட்டுக்கொண்டான். முதல் பனி அப்போதுதான் விழுந்தது, நேராக அல்ல, படுக்கையாக. கோட்டுக்குள் ஆர்சன் இருமினான். ஜனீல் அந்த இருமலை நெஞ்சில் உணர்ந்தாள். "போலாம்" என்றாள். "இப்பவே போலாம்." அந்தப் பயணத்தில் அவளாகச் சொன்ன முதல் முடிவு அதுதான். இரண்டு மணி நேரம் பிந்திச் சொன்னாள்.

மண் ரோட்டில் சக்கரம் இரண்டு தடவை வழுக்கிச் சுழன்றது. அதிலேயே பெட்ரோல் பாதி போனது. நெடுஞ்சாலைக்கு ஏறினபோது எது சாலை, எது வயல் என்று தெரியவில்லை. லவார் எதிர்க்காற்றில், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினான். கணவாய்க்கு ஏறுகிற மேட்டில் எஞ்சின் இரண்டு தடவை விக்கி நின்றுபோனது. மணி மூன்றரை.

வீட்டில் நிலவறை நிறைய ஒரு வருஷத்துக்கு வேண்டிய கோதுமை இருந்தது. தேன், பால் பவுடர், ஜனீல் தன் கையால் புட்டியில் அடைத்த பீச் பழம் எண்பது புட்டி. கெட்ட காலத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது சபையின் கட்டளை; அவர்கள் அதை ஒன்றுவிடாமல் செய்திருந்தார்கள். காரில் இரண்டு போர்வையும் நான்கு ஆப்பிளும் இருந்தன.

அரை மணியில் உள்ளே மூச்சு விட்டால் புகை வந்தது. ஜனீல் சட்டையைத் திறந்து குழந்தையைத் தோலோடு தோலாக வைத்துக்கொண்டாள். ஹீபரை இந்தப் பக்கமும் மரிண்டாவை அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டாள். மரிண்டா தம்பியின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஆர்சன் அழவில்லை. அதுதான் ஜனீலுக்குத் தாங்கவில்லை. மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆகஸ்டில் கேட்ட அதே சத்தம்.

"நான் நடந்து போய்ப் பாக்கறேன்" என்றான் லவார்.

"போகாதீங்க."

போனான். இருபது அடி போயிருப்பான், காணாமல் போனான். ஜனீல் ஹாரனை அழுத்தி அழுத்திப் பிடித்தாள். கால் மணி கழித்துக் காரைக் கையால் தடவிக்கொண்டு திரும்பி வந்தான், புருவமெல்லாம் பனி. உட்கார்ந்து, சாவிக்கொத்தில் தொங்கின ஜெப எண்ணெய்க் குப்பியைத் திறந்து, ஒரு சொட்டு எண்ணெயைக் குழந்தையின் உச்சியில் வைத்துக் கைகளை வைத்தான். குடும்பத் தலைவன் என்ற முறையில் ஆசீர்வதிக்க வேண்டும். குழந்தையின் முழுப்பெயரைச் சொன்னான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. எத்தனையோ பேரை ஆசீர்வதித்தவன், வாயைத் திறந்து திறந்து மூடினான். "ஆமென்" என்று ஹீபர் தானே முடித்துவைத்தான்.

குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. ஜனீல் மனதுக்குள் ஜெபம் செய்தாள் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். இல்லை. கையுறை போட்ட ஒரு சின்னக் கையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு ஆரஞ்சு விளக்கு சுழன்றது. பனி தள்ளுகிற வண்டி. ஓட்டிவந்தவன் பெயர் ஃப்ளாய்ட். வாயில் அணைந்த சுருட்டு, தாடியில் அதன் சாம்பல். கதவைத் திறந்து உள்ளே பார்த்தான்.

"என்ன, எஞ்சின் போச்சா?"

"பெட்ரோல் தீந்துபோச்சு" என்றான் லவார்.

"லேண்டர்ல மூணு பங்க் தெறந்திருந்துதே."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

ஃப்ளாய்ட் சுருட்டை வாயின் மறுபக்கம் தள்ளினான்.

"எனக்கும் ஞாயித்துக்கிழமைதான்யா" என்றான்.

வண்டி முன்பக்கத்தில் எல்லாருக்கும் இடமில்லை. ஜனீலையும் குழந்தையையும் மரிண்டாவையும் ஏற்றிக்கொண்டான். மற்ற இருவருக்கும் தன் கனத்த கோட்டைக் கொடுத்து, வயர்லெஸ்ஸில் போலீஸ் வண்டிக்குச் சொன்னான். பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி ஜனீலிடம் நீட்டினான். "குடிங்கம்மா. உங்க உடம்பு சூடா இருந்தாத்தான் பிள்ளைக்குச் சூடு." மார்மன்கள் காபி தொட மாட்டார்கள். முப்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஜனீல் காபி குடித்தாள். கசந்தது. இன்னொரு மூடி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஆர்சன் ஆறு நாள் ஆக்சிஜன் கூடாரத்துக்குள் கிடந்தான். பிழைத்தான். இடது நுரையீரலின் அடியில் ஒரு பகுதி சுருங்கிவிட்டது, அது இனி விரியாது என்று டாக்டர் சொன்னார். தூங்கும்போது அந்த விசில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மூன்றாவது நாள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் லவார் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் தப்புப் பண்ணிட்டேன், ஜனீல்" என்று அழுதான். அவளும் அழுதாள். அந்த வார்த்தைக்காக அவனை மன்னித்தாள். அவனிடம் அவள் கேட்டதெல்லாம் அந்த வார்த்தை நிலைக்க வேண்டும் என்பதுதான்.

அது இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. டிசம்பர் முதல் ஞாயிறு, உபவாசம் இருந்து சாட்சி சொல்லும் கூட்டத்தில் லவார் எழுந்து போனான். கணவாயில் பனி விழுந்ததைச் சொன்னான். ஓய்வுநாளைக் காத்ததற்காகத் தேவன் தூதனை அனுப்பினார் என்றான். தூதன் வாயிலிருந்த சுருட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டான். "காருக்குள்ளயே ஓட்டெடுத்தோம், சகோதர சகோதரிகளே. என் பிள்ளைங்க கை தூக்கினாங்க. ஒருமனதா." கூடத்தில் மூக்கை உறிஞ்சாத ஆள் இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. மரத்தை இழைப்பதுபோல் தினமும் மனதுக்குள் இழைத்து இழைத்து, உறுத்துகிற இடத்தையெல்லாம் தேய்த்துவிட்டான்.

வீடு திரும்பும்போது மரிண்டா முன் சீட்டுக்கு எட்டி அம்மாவின் காதில் கேட்டாள்.

"அம்மா, நான் கை தூக்கினேன்ல?"

"ஆமா."

"அப்பா மறந்துட்டாரா?"

ஜனீல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தானேடா எறக்கிவிட்டேன்" என்றாள்.

அந்தச் சாட்சி சுற்று வட்டாரமெல்லாம் பரவியது. பக்கத்து ஊர்ச் சபைகளில் அவனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். பிப்ரவரியில் பிஷப் வீட்டுக்கு வந்தார். சபையின் இளைஞர்கள் அறுபது பேரை வயோமிங்குக்குக் கூட்டிப்போய், நிஜக் கைவண்டி செய்து, அதே பாதையில் நான்கு நாள் இழுக்கவைக்க வேண்டும்; பொறுப்பு லவாருக்கு. கோடையில் பிள்ளைகள் எல்லாம் வைக்கோல் வேலைக்கும் வான்கோழிப் பண்ணைக்கும் போய்விடுவார்கள். ஆகவே மான் வேட்டை விடுமுறையில். அக்டோபரில்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே ஜனீல் பேசினாள்.

"ஜூன்ல வெச்சுக்கலாமே."

"ஜூன்ல பையனுங்க கெடைக்கமாட்டாங்க, ஜனீல்."

"அக்டோபர் வேண்டாங்க."

"அதே மாசத்துல நடந்தாத்தானே அவங்க பட்டது இவங்களுக்குத் தெரியும். அதுவும் நமக்குத் தெரியாததா? கர்த்தர் நம்மளை எப்படிக் காப்பாத்தினார்?"

"அந்த ஆஸ்பத்திரியில நீங்க என்ன சொன்னீங்க?"

லவார் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்தான். "அப்ப எனக்கு விசுவாசம் தளர்ந்துபோயிருந்தது" என்றான் மெதுவாக. நிஜமாகவே அப்படித்தான் நம்பினான்.

ஜனீல் பிஷப்பிடமும் போனாள். அவர் அன்பாகக் கேட்டார். "அந்த மலையை உங்க வீட்டுக்காரரைவிட நல்லாத் தெரிஞ்சவர் யாரும்மா இருக்கா?" என்று சொல்லிக் கதவுவரை வந்து வழியனுப்பினார். பிள்ளைகளின் தாய்மார்கள் இரண்டு பேரிடம் பேசினாள். ஒருத்தி, "என்னடி, எதிர்க்கட்சி மறுபடி ஆரம்பிச்சுட்டுதா?" என்று தோளில் தட்டினாள். இன்னொருத்தி ஏற்கெனவே மகளுக்கு முன்னோடிக் காலத்துப் பாவாடை தைக்க ஆரம்பித்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு சபைக்கூடம் நிறைந்திருந்தது. ஜனீலின் குடும்பம் எப்போதும்போல் மூன்றாவது பெஞ்சில். மடியில் ஆர்சன் தூங்கினான், விசிலோடு. பிஷப் எழுந்தார்.

"சகோதரர் லவார் ஜோர்கன்சன் எழுந்து நிற்கலாம். வருகிற அக்டோபர் கைவண்டிப் பயணத்துக்கு இவரைத் தலைவராக ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சம்மதிக்கிறவர்கள் வலது கையை உயர்த்துங்கள்."

கூடமே கையைத் தூக்கியது. சட்டைகள் உரசுகிற சத்தம் ஜனீலுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஹீபர் கை முதலில் போனது. ஜனீல் பக்கத்தில் பார்த்தாள். மரிண்டா கை தூக்கவில்லை. தூக்காதது மட்டுமல்ல, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அது தானாக எழுந்துவிடக் கூடாது என்பதுபோல் அழுத்தி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆறு வயதுக்கு அந்த முகம் அதிகம்.

 இதை யார் கற்றுக்கொடுத்தது என்று ஜனீல் வெளியே தேட வேண்டியதில்லை.

"எதிர்ப்பு உள்ளவர்கள் அதே போல் காட்டலாம்" என்றார் பிஷப், காகிதத்தைப் பார்த்தபடி.

ஜனீல் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினாள்.

பிஷப் பார்க்கவில்லை. "நன்றி. ஒருமனதாக. அடுத்து, நூலகப் பொறுப்புக்கு" என்று போய்க்கொண்டிருந்தார்.

"பிஷப்" என்றாள் ஜனீல். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "ஒருமனதா இல்ல."

பின் பெஞ்சில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிஷப் தலையை நிமிர்த்தினார். எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜனீலின் பக்கத்தில் நின்ற லவார் முதலில் சிரித்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "எறக்கும்மா" என்றான். அவள் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தான். மெதுவாகத்தான் இழுத்தான், பாசமாகத்தான்.

கை இறங்கவில்லை. மரிண்டா தொடைக்கு அடியிலிருந்து தன் கையை எடுத்தாள்.